உடலின் நெற்குதிர்

நம்முடைய மொழியில் கொழுப்பு என்னும் சொல்லுக்கு நேர்ந்திருக்கும் கதி ஆலோசிக்கத்தக்கது. தொட்டிலில் கிடக்கும் சிசுவைக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று நாம் சொல்லும்போது அது வாழ்த்து. அதே சிசு வளர்ந்து, முப்பது வயதில் அதே மேனிச் செழிப்போடு நம் எதிரில் வந்து நின்றால், அதே சொல் வசையாகிவிடுகிறது. அடங்காத பிள்ளையைக் கண்டிக்கும் தாயும், எதிர்த்துப் பேசுகிறவனைச் சினந்துகொள்ளும் பெரியவரும், ‘உனக்குக் கொழுப்பு அதிகமாகிவிட்டது’ என்றே சொல்கிறார்கள். திமிருக்கும் கொழுப்புக்கும் வேற்றுமை இல்லை என்று நாக்கு பழகிவிட்டது. சித்த வைத்திய மரபோ இவ்வாறு கருதியதில்லை. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் என்று உடலைத் தாங்கும் தாதுக்களை ஏழாக வகுத்து, அவற்றுள் நான்காவது ஸ்தானத்தைக் கொழுப்புக்கு அளித்த அம்மரபு, அதனைச் சரீரத்தின் தூண்களில் ஒன்றாகவே மதித்தது. கடந்த எண்பது ஆண்டுகளாக உயிர்வேதியியல் சாஸ்திரம் கண்டறிந்தவற்றைப் பொறுமையோடு படிக்கிறவர்கள், இவ்விரண்டு மதிப்பீடுகளில் வைத்தியர்களுடைய மதிப்பீடே நியாயமானது என்னும் முடிவுக்கு வருவார்கள். பருத்த தேகத்தை ஒருவருடைய ஒழுக்கக் குறைவாக எண்ணி நிந்திக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதும், அந்த நிந்தனையில் வீணாகும் அக்கறையைக் கர்ப்பிணிகளின்மீதும் குழந்தைகளின்மீதும் திருப்ப வேண்டும் என்பதுமே நான் இங்கே சொல்ல விரும்புபவை.

என் இளமையில் எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். ஸ்தூல சரீரம், ஆனால் விடியுமுன் எழுந்து இரவு எல்லாரும் உண்டு முடிக்கும் வரையில் ஓயாமல் உழைத்தவர். வைத்தியர் ஒருவர் சொன்னார் என்பதற்காக, ஏறக்குறைய எட்டு மாத காலம் காலையில் கஞ்சியும், பகலில் ஒரு பிடிச் சோறும், இரவில் மோருமாக இருந்து, பார்த்தவர்கள் அடையாளம் காண முடியாதபடி அவர் இளைத்தார். அதன் பின் இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள், முன்போலவே அளவாகவே உண்டுவந்தபோதிலும், இழந்த எடை முழுவதும் திரும்பிவிட்டது. கல்யாண வீடுகளில் பந்தியில் அவர் உட்கார்ந்தால், பக்கத்தில் இருந்தவர்களின் கண்கள் அவருடைய இலைக்கே போகும்; ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்ற சொல் அவர் காதில் விழும்படியாகவே சொல்லப்படும். ஒருநாள் அவர் என்னிடம், “நீ தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய், நான் என்னடா அப்படிச் சாப்பிட்டுவிட்டேன்?” என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் பரிசோதனைச் சாலைகளில் சிறுகச் சிறுகத் தயாராகிக்கொண்டிருந்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்துகொண்டேன்.

அந்தப் பதிலின் மையத்தில் இருப்பவை நொதிகள். இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி நிற்பதையும், இறக்கிவைத்த கள் நுரைத்துப் புளிப்பதையும் கண்ட நம் முன்னோர் வழங்கிய நொதித்தல் என்னும் சொல்லிலிருந்தே நொதி என்னும் பெயர் எடுக்கப்பட்டது. 1870களில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே இட்ட ‘என்சைம்’ என்ற பெயருக்கும், புளிமாவுக்குள் இருப்பது என்பதே கிரேக்க மொழியில் பொருள். 1897-இல் எடுவர்ட் புக்னர் என்பவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிருள்ள அணு ஒன்றும் இல்லாத அந்தச் சாற்றில் சர்க்கரையைக் கலந்தபோது, அதுவும் நுரைத்துப் பொங்கியது. நொதித்தலுக்கு முழு உயிரணு வேண்டியதில்லை, அதனுள் இருக்கும் ஒரு பொருளே போதும் என்பது அன்று நிரூபணமாயிற்று. பெரும்பாலும் புரதங்களாகிய இந்த நொதிகள், தாம் அழியாமலே இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய ரசாயன மாறுதல்களைக் கணப்பொழுதில் நடத்தி முடிப்பவை. நாம் உண்பது, செரிப்பது, சேமிப்பது, செலவழிப்பது ஆகிய காரியங்களில் ஒன்றுகூட இவற்றின் உதவியின்றி நடப்பதில்லை.

கொழுப்பின் கதையில் முதல் நொதி கணையத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1840களில் பிரெஞ்சு உடலியல் மேதை கிளாட் பெர்னார், முயலின் சிறுகுடலில் பித்தநாளம் வந்து சேரும் இடத்துக்கு வெகு தூரம் கீழேதான் கணையநாளம் வந்து சேருகிறது என்பதையும், கொழுப்பைத் தின்ற முயலிடத்தில் கணையநாளத்துக்குக் கீழே உள்ள நிணநாளங்களே பால்போல் வெளுத்துத் தோன்றுகின்றன என்பதையும் கண்டு, கொழுப்பைச் செரிக்கச் செய்வது கணையநீரே என்று உறுதி செய்தார். இதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1943-இல், பால் ஹான் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எதிர்பாராத ஒரு காட்சியைக் கண்டார். கொழுப்பு மிகுந்த உணவை உண்டபின் கலங்கிப் பால்நிறமாக இருந்த நாய்களின் ரத்தநீர், ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைச் செலுத்தியவுடன் தெளிந்துவிட்டது. ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நொதியை அம்மருந்து கழற்றிவிட்டது என்பதும், ரத்தத்தில் மிதந்த கொழுப்பை அந்த நொதியே பிளந்து தெளியவைத்தது என்பதும் பின்னர் விளங்கின. 1955-இல் எட்வர்ட் கார்ன் அதன் தன்மையைத் தெளிவாக விவரித்தார். அது முதல் அதற்கு லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்பது பெயர்.

இந்த நொதியின் வேலையை விளக்க, காவிரி டெல்டாவின் பழைய வீடுகளில் இருந்த நெற்குதிரைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அறுவடைக் காலத்தில் வந்து குவியும் நெல்லை அள்ளி உள்ளே போட ஓர் ஆள், அடுத்த அறுவடை வரையில் அளந்து வெளியே எடுக்க ஓர் ஆள் என்று இருவர் வேண்டுமன்றோ? நம் உடலில் கொழுப்பணு என்பது குதிர். உணவிலிருந்து வரும் கொழுப்பு, குடலின் சுவரில் புரத உறை பூண்டு, நுண்ணிய துளிகளாக ரத்தத்தில் மிதந்து வருகிறது. அத்துளிகள் பெரியவை ஆதலால், கொழுப்பணுவுக்குள் அப்படியே நுழைய இயலாது. ரத்தத் தந்துகியின் சுவரில் நிற்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் அவற்றைப் பிளந்து, கொழுப்பமிலங்களாக உள்ளே அனுப்புகிறது. உள்ளே வேறு நொதிகள் அவற்றை மறுபடி ஒன்றாகக் கட்டிச் சேமித்து வைக்கின்றன. இதே நொதி தசைகளின் தந்துகிகளிலும் நிற்கிறது. அங்கே அது பிளந்து தரும் கொழுப்பு சேமிப்புக்குப் போகாமல் உழைப்புக்கு எரிபொருளாகிறது. உண்டவுடன் ரத்தத்தில் உயரும் இன்சுலின், கொழுப்பணுவின் வாயிலில் இந்த நொதியைப் பெருக்குகிறது. பட்டினியின்போது அங்கே அது தணிந்து, தசையின் வாயிலில் உயர்கிறது. வந்த நெல் குதிருக்குப் போகவேண்டுமா, உலைக்குப் போகவேண்டுமா என்பதை நிச்சயிக்கும் இந்த ஏற்பாடு, பஞ்சமும் பருவ மாறுதலும் நிறைந்த உலகில் லட்சக்கணக்கான ஆண்டுகள் பிழைத்து வந்த ஒரு ஜீவராசிக்கு இன்றியமையாத பாதுகாப்பாக இருந்தது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு நுட்பமானது என்பதைப் பெண்களின் சரீரத்தில் காணலாம். மாதவிடாய் நிற்பதற்கு முன்னுள்ள வயதில், பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் உள்ள கொழுப்பணுக்களில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் மிகுந்து வேலை செய்வதால், அங்கேதான் கொழுப்பு பெரும்பாலும் சேர்கிறது. எவ்வளவு பட்டினி கிடந்தாலும் அது எளிதில் கரைவதில்லை. ஆனால் குழந்தை பிறந்து தாய் பாலூட்டத் தொடங்கியதும், தொடையில் உள்ள அந்த நொதி அடங்கிவிடுகிறது. சேர்ந்த கொழுப்பும் இளகி வெளிவரத் தொடங்குகிறது. 1985-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சோதித்து வெளியிட்டார்கள். பிறக்கப்போகும் மகவுக்கு வேண்டிய பாலின் முதலைத் தாயின் உடல் ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்பைச் சுட்டிக்காட்டி ஒரு பெண்ணை நாணமுறச் செய்கிற சமூகம், தான் உண்டு வளர்ந்த பாலின் மூலத்தையே பழித்துப் பேசுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

நெல்லை வெளியே எடுக்கும் ஆளைப் பற்றிய அறிவும் பொறுமையாகவே வளர்ந்தது. ஹார்மோன்களின் ஆணைக்கு அடங்கிக் கொழுப்பைக் கரைக்கும் லைபேஸ் ஒன்று 1960களிலேயே அறியப்பட்டு, அதுவே அந்தக் காரியத்தின் அதிகாரி என்று நாற்பது ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்த நொதி அறவே இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, அவை பருத்துப்போகவில்லை. அவற்றின் கொழுப்பு கரைந்துகொண்டேதான் இருந்தது. அப்படியானால் வேறொரு நொதி இருக்கவேண்டும் என்று தேடிய ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ருடால்ப் செக்னரின் குழுவினர், 2004-இல் கொழுப்பை முதன்முதலில் பிளக்கும் லைபேஸைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் வேறு இரு குழுவினரும் அதனையே கண்டு வெளியிட்டார்கள். நோன்பிருக்கும்போதும் ஓடும்போதும் அச்சம் கொள்ளும்போதும் அட்ரினலின் இந்த நொதிகளைத் தூண்டுகிறது. உண்டபின் இன்சுலின் அவற்றை அடக்குகிறது. ஆகவே நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கொறித்துக்கொண்டே இருப்பவரின் கொழுப்பணுவில், உள்ளே போடும் ஆளுக்கு ஓய்வில்லை, வெளியே எடுக்கும் ஆளுக்கு வேலையில்லை.

இப்போது என் அத்தையின் கேள்விக்கு வருகிறேன். 1990-இல் பிலிப் கெர்ன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும், மிகவும் பருத்த தேகம் உடைய ஒன்பது பேரைப் பெரிதும் இளைக்கச் செய்து, எடை நிலைபெற்ற பிறகு, அவர்களுடைய கொழுப்புத் திசுவில் லிப்போபுரோட்டீன் லைபேஸை அளந்தார்கள். இளைத்தவரிடத்தில் அந்த நொதி தணிந்திருக்கும் என்றல்லவா எண்ணத் தோன்றும்? அது உயர்ந்திருந்தது, ஆரம்பத்தில் யார் மிக அதிகமாகப் பருத்திருந்தார்களோ, அவர்களிடத்திலேயே மிக அதிகமாக உயர்ந்திருந்தது. இழந்த சேமிப்பைத் திரும்பப் பெறுவதற்கு உடல் தன் வாயிலை முன்னைவிட அகலமாகத் திறந்து வைத்துக் காத்திருந்தது. ஒன்பது பேரை மட்டும் கொண்ட சிறிய பரிசோதனைதான். எனினும் 1994-இல் ஜெப்ரி பிரீட்மன் கண்டுபிடித்த லெப்டின் என்னும் ஹார்மோனின் வரலாறும் இதே திசையில்தான் செல்கிறது. கொழுப்பணுக்கள் சுருங்கியதும் லெப்டின் குறைகிறது; மூளை அதனைப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொண்டு பசியைப் பெருக்கி, செலவைச் சுருக்குகிறது. எட்டு மாதம் கஞ்சி குடித்து இளைத்த ஒரு ஸ்திரீ, தம் சரீரத்தின் இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் எதிர்த்துத் தனியாகப் போராடினார் என்பதைப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் அறியவில்லை, நானும் அறியவில்லை.

குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. வீட்டில் எத்தனை குதிர்கள் இருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கொழுப்பணு பிறக்கும்போதே கொழுப்பணுவாகப் பிறப்பதில்லை. இன்னதாக ஆவது என்று நிச்சயப்படாத இளம் அணுக்கள், உரிய கட்டளைகள் வந்ததும் உருமாறி, கொழுப்பைக் கட்டும் நொதிகளைத் தமக்குள் பெருமளவில் உண்டாக்கிக்கொண்டு, முதிர்ந்த கொழுப்பணுக்கள் ஆகின்றன. 1970களில் ஹோவர்ட் கிரீன் என்னும் அறிஞர், எலிக் கருவிலிருந்து எடுத்த அணுக்கள் கண்ணாடித் தட்டிலேயே கொழுப்பணுக்களாக மாறுவதைக் காட்டினார். அது முதல் இந்த மாறுதலைப் படிப்படியாகக் கவனிக்க முடிந்தது. அதனை நடத்தும் நொதிகள் பல. யூரிக் அமிலத்தை உண்டாக்கி மூட்டுவாத நோயாளிகளை வருத்தும் சாந்தைன் ஆக்ஸிடோரிடக்டேஸ் என்ற நொதி, கொழுப்பணுக்கள் உருவாவதற்கும் துணை செய்கிறது என்றும், அந்நொதி இல்லாத எலிகளில் கொழுப்புத் திசு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது என்றும் 2007-இல் அறிவிக்கப்பட்டது. செயலற்ற கார்ட்டிசோனைச் செயலுள்ள கார்ட்டிசாலாக மாற்றும் மற்றொரு நொதியைக் கொழுப்புத் திசுவில் மட்டும் மிகுதியாக்கிய எலிகள், வயிற்றில் கொழுப்புத் திரண்டு பருத்தன என்று 2001-இல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

இவற்றைப் படித்தவுடன், ஒரு நொதியை அடக்கும் மாத்திரை கிடைத்துவிட்டால் பருமன் ஒழிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சரீரம் அவ்வளவு எளிமையானதன்று. கார்ட்டிசாலை உண்டாக்கும் அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது கிடைத்த பலன் சொற்பமே. பிறவியிலேயே லிப்போபுரோட்டீன் லைபேஸ் இல்லாதவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய ரத்தத்தில் கொழுப்பு அபாயகரமாகப் பெருகிக் கணையத்தைப் புண்ணாக்குகிறது. ஆயினும் அவர்களுடைய உடலிலும் கொழுப்பணுக்கள் நிரம்பியே இருக்கின்றன, ஏனெனில் அந்த அணுக்கள் மாவுப் பொருளிலிருந்து தாமே கொழுப்பைச் செய்துகொள்கின்றன. ஒரு வாயிலை அடைத்தால் உடல் மற்றொரு வாயிலைத் திறக்கும் என்பதே இதிலுள்ள பாடம். கணைய லைபேஸைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் என்ற மருந்து 1999-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. உண்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது செரிக்கவிடாமல் கழித்துவிடுகிறது. அப்படியிருந்தும் அதனால் குறையும் எடை சில கிலோக்களே. சாஸ்திரம் அறிந்தவர்கள் இவ்வளவு நிதானமாகப் பேசும்போது, ‘முப்பது நாளில் கொழுப்பைக் கரைக்கும்’ பொடிகளும் தைலங்களும் நம் ஊர்களில் தடையின்றி விற்கப்படுவதும், அவமானத்தால் நொந்த ஏழைப் பெண்கள் தங்கள் கூலியை அவற்றில் தொலைப்பதும் எனக்குப் பெரும் வேதனை தருகின்றன.

குதிர்களின் எண்ணிக்கை எப்போது நிச்சயமாகிறது என்பதைக் கண்டறிந்த விதம் விஞ்ஞான சரித்திரத்தில் ஓர் அற்புதம். 1950களின் நடுவிலிருந்து வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததால், வாயுமண்டலத்தில் கார்பன்-14 என்ற கதிர்வீச்சுப் பொருள் மிகுந்தது. 1963-இல் ஒப்பந்தம் ஏற்பட்டு அச்சோதனைகள் ஓய்ந்தபின் அது ஆண்டுதோறும் குறைந்து வந்தது. செடிகள் அதனை உறிஞ்சின. செடிகளை உண்ட மனிதர்களின் உயிரணுக்களில், அவை பிறந்த ஆண்டின் முத்திரைபோல, அது பதிந்தது. ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும், கொழுப்பணுக்களின் டி.என்.ஏ.வில் இருந்த இந்த முத்திரையைப் படித்து, 2008-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். கொழுப்பணுக்களில் ஏறக்குறையப் பத்து சதவிகிதம் ஆண்டுதோறும் மடிந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கையோ பாலியத்திலும் வாலிபத்திலும் நிச்சயமாகி, அதன் பின்பு பெரும்பாலும் மாறாதிருக்கிறது. இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வெகுவாக இளைத்தவர்களிடத்திலும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அணுக்கள் சுருங்கியிருந்தனவேயன்றி எண்ணிக்கையில் குறையவில்லை. இளைத்தவர் வீட்டில் வெறும் குதிர்கள் அத்தனையும் வரிசையாக நின்று அடுத்த அறுவடையை எதிர்நோக்கிக் கொண்டிருக்கின்றன.

இந்த நிச்சயம் தாயின் கர்ப்பத்திலேயே தொடங்குகிறது என்று கருதவும் ஆதாரம் உண்டு. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்து தேசத்தின் மேற்குப் பகுதி கொடிய பஞ்சத்துக்கு உள்ளாயிற்று. அக்காலத்தை ஒட்டிப் பிறந்தவர்களுள் பத்தொன்பது வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த மூன்று லட்சம் இளைஞர்களின் எடையை ஆராய்ந்து 1976-இல் வெளியிடப்பட்ட அறிக்கை, கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால் மகனுக்குப் பருமன் மிகுந்திருந்ததையும், கர்ப்பத்தின் இறுதியிலும் பிறந்த புதிதிலும் பஞ்சம் நேர்ந்திருந்தால் பருமன் குறைந்திருந்ததையும் காட்டிற்று. நம் நாட்டில், புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், அவ்வூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த சிசுக்களை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த சிசுக்களோடு ஒப்பிட்டார். நம் சிசுக்களின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ, தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்த நம் சிசுக்களில், தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மறைந்திருக்கும் இந்த இந்திய உடலமைப்பு, வயது வந்தபின் நீரிழிவை எளிதில் வரவழைக்கிறது. ஆதலால்தான் ஐரோப்பியர்களுக்கு 25 என்று வகுத்த எடைக் குறியீட்டின் எல்லையை, நம்மவர்க்கு 23 என்று மருத்துவர்கள் தாழ்த்தி வைத்தார்கள்.

இங்கே ஒரு நுட்பமான உண்மையையும் கூறவேண்டும். கொழுப்பணுவே அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே இல்லாமற்போவதுண்டு. அவர்கள் பார்வைக்கு மெலிந்திருந்தாலும், சேமிக்க இடமில்லாத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் படிந்து, கடுமையான நீரிழிவு அவர்களைப் பற்றுகிறது. குதிர் இல்லாத வீட்டில் நெல் நடையிலும் அடுப்படியிலும் சிந்திக் கெடுவது போன்ற நிலை அது. தீங்கு பெரும்பாலும் கொழுப்பணு நிரம்பி வழிந்த பிறகே தொடங்குகிறது. அதுவரையில் அந்த அணு நமக்குச் செய்வது காவல். சித்தர் மரபு அதனைத் தாதுக்களுள் ஒன்றாக வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பதை இது உணர்த்தும்.

‘எல்லாம் நொதிகளின் காரியம் என்றால், மனிதப் பிரயத்தனத்துக்கு இடமில்லையா? இது விதிவாதம் அல்லவா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்வேன். 2003-இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்து மார்க் ஹாமில்டன், எலிகளின் பின்னங்கால்களில் உடற்பாரம் தாங்காதபடி செய்து பார்த்தபோது, ஒரு நாளைக்குள்ளேயே அந்தக் கால் தசைகளில் லிப்போபுரோட்டீன் லைபேஸின் செயல் மிகவும் குன்றிவிட்டது. மெதுவாக நடக்கவிட்டதும் அது மீண்டது. உட்கார்ந்தே இருப்பவரின் தசை வாயில் மூடிக்கொள்கிறது. எழுந்து நடப்பவருக்குத் திறந்துகொள்கிறது. இரண்டாவது செய்தி நம் சென்னையில் நிகழ்ந்தது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, ஆகாரத்தில் மாவையும் எண்ணெயையும் மட்டுப்படுத்தியவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்தது. அவர்களுடைய சராசரி எடையோ குறையவேயில்லை. தராசின் முள் அசையாதபோதும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருந்தது. முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. முயற்சியின் பலனைத் தராசில் மட்டும் தேடி, அது அசையாதபோது முயன்றவரைப் பழிக்கும் பேதைமையையே வேண்டாம் என்கிறேன்.

ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவிகிதத்தினரும், ஆண்களில் 37 சதவிகிதத்தினரும் அளவுக்கு மேற்பட்ட எடை உடையவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்களின் விகிதம் 30.9 ஆகவே இருந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் மக்களுடைய ஒழுக்கம் பத்து சதவிகிதம் சீர்கெட்டுவிட்டது என்று எவரேனும் நம்ப முடியுமா? நொதிகளும் அவற்றை ஆளும் மரபணுக்களும் அவ்வளவு சீக்கிரத்தில் மாறுபவை அல்ல. மாறியவை வேறு: நடந்து போன பாதைகளில் வாகனங்கள் நிறைந்தன, தெருமுனைகளில் எண்ணெயும் சர்க்கரையும் மலிந்தன, குழந்தைகளின் விளையாட்டு மைதானங்கள் கட்டடங்களாயின. பஞ்சத்துக்கென அமைந்த நொதிகள், ஓயாத அறுவடையின் நடுவே, தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

ஆகவே நாம் செய்யவேண்டியவை தெளிவானவை. கர்ப்பிணிகளுக்கு வயிறு நிறையச் சோறு மட்டுமன்றி, பருப்பும் முட்டையும் கீரையும் கிடைக்கச் செய்வது முதற்காரியம். குதிர்களின் எண்ணிக்கை அங்கே தொடங்குகிறது. பள்ளிக்கூடங்களில் விளையாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். வாலிபம் முடியும் முன்பே அந்த எண்ணிக்கை நிச்சயமாகிவிடுகிறது என்பதை அறிந்தபின், அந்த ஒரு மணி நேரத்தைப் பறிப்பது பிள்ளையின் வாழ்நாளிலிருந்து பறிப்பதற்குச் சமானம். 1956-இல் காமராஜர் காலத்திலும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்திலும், பசித்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோறிட்டு உலகத்துக்கு வழிகாட்டிய நாடு இது. அந்தச் சோற்றோடு ஒரு மைதானத்தையும் தர இந்த நாட்டால் முடியாதா? மருத்துவமனைகளில், பருத்த நோயாளியைக் கண்டதும் ‘எடையைக் குறைத்துவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பாமல், நீண்ட கால நோய்க்கு அளிக்கும் பொறுமையான சிகிச்சையை அளிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மருந்தை நிறுத்தினால் அழுத்தம் திரும்புவதை எவரும் நோயாளியின் குற்றமாகச் சொல்வதில்லை, இளைத்தவருக்கு எடை திரும்புவதும் அத்தன்மையதே. கொழுப்பைக் கரைப்பதாகப் பொய் விளம்பரம் செய்பவர்களை அரசாங்கம் தண்டிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சட்டமும் பணமும் வேண்டும். நாம் ஒவ்வொருவரும் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பந்தியில் பக்கத்து இலையைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவது அது. என் அத்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை காலம் கழித்து நான் கண்ட பதில் இதுதான்: அத்தை, நீங்கள் தவறு ஒன்றும் செய்யவில்லை, உங்கள் உடல் தனக்குத் தெரிந்த விதத்தில் உங்களைக் காப்பாற்றப் பார்த்தது. இந்தப் பதிலை அவர் உயிரோடு இருந்தபோது சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. இதனைப் படிப்பவர்களின் வீட்டிலும் அப்படி ஓர் அத்தையோ, சித்தியோ, பள்ளிக்குப் போக வெட்கப்படும் ஒரு சிறுமியோ இருக்கலாம். அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.